சூடு தெரியாத கால்

இது நடந்தது முப்பத்திரண்டிலா, அடுத்த வருஷமா என்று நிச்சயமில்லை. மழைக்காலம் என்று ஞாபகம். அதுகூடப் பிசகாக இருக்கலாம். ஹாஜரா மணல் வறுத்த சட்டியில் மட்டும் சந்தேகமில்லை.

அவள் கணவர் ஷேக் அலாவுதீன், காவடிபோல் தோளில் வைக்கும் காவுகட்டையின் இரு முனையிலும் சோறும் மீன் குழம்பும் தொங்கவிட்டுச் சுமந்து சூலியா தெருவிலிருந்து துறைமுகம் வரை நடந்து விற்பவர். அந்த வருஷம் ஐம்பது அடிக்கு ஒருதரம் நின்றார். கெண்டைக்கால் கவ்விப் பிடிக்கும், நின்றால் விட்டுவிடும். தோள் மாற்றுவதற்காக நிற்பதுபோல் ஊருக்குப் பாவனை செய்தார். அந்தப் பாதங்கள் மீனைப்போல் சில்லிட்டுக் கிடப்பது மனைவிக்குத்தான் தெரியும். வறுத்த மணலைத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்தாள்.

"சுடுதா மச்சான்?"

"ஒண்ணும் தெரியல புள்ள. இன்னும் சூடாக் கொண்டா."

கொண்டுவந்தாள். மூன்றாம் நாள் இடது குதிகால் கொப்பளித்தது. பத்தாம் நாள் விரல்கள் கறுத்தன.

ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப்போடும் டிரெஸ்ஸர் நல்லமுத்து பாதத்தில் நாடி தேடினார். கிடைக்கவில்லை.

"இனிப்பு நீர் ரத்தக் குழாயக் கெடுத்திருச்சு பாய். உள்ள ரத்தம் உறைஞ்சு அடைச்சுக்கிச்சு. இந்தக் கால எடுத்தாத்தான் உயிர் நிக்கும்னு டாக்டர் சொல்றாரு. புண்ணு எப்படி வந்துச்சு?"

"குழம்புச் சட்டி கவுந்துருச்சு," என்றார் அலாவுதீன், சுவரைப் பார்த்தபடி.

இருபது வருஷத்தில் ஒரு சொட்டுக் குழம்பு சிந்தாதவர். ஹாஜரா அந்தப் பொய்யின் நிழலில் வெகுநேரம் ஒதுங்கி நின்றாள். அப்படியே இருந்துவிடலாம், யாரும் கேட்கப்போவதில்லை. பிறகு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"சட்டியெல்லாம் கவுழல. நாந்தான் மணல் ஒத்தடம் வச்சேன். அவுகளுக்குச் சூடு தெரியல."

"சும்மா இரு புள்ள!"

நல்லமுத்து நிமிர்ந்தார். "ரெண்டு காலுக்குமா வச்சீங்க?"

"ரெண்டுக்கும்."

வலது பாதத்தைத் திருப்பினார். யாரும் பார்த்திராத அடிப்பக்கத்தில் காசளவு கொப்புளம். "நல்லவேளை சொன்னீங்க அக்கா. இதையாச்சும் காப்பாத்தலாம்."

"ஒத்தக் கால வச்சிக்கிட்டு கட்டைய யாரு சொமக்கிறது?" என்றார் அலாவுதீன்.

"நான் சொமக்கிறேன். நீங்க கைநாட்டு வைங்க மச்சான்."

அவர் வைத்தார்.

வெட்டிய காலை வெள்ளைத் துணியில் சுற்றி, அவர் தம்பி இப்ராஹிம் மையவாடியில் அடக்கினார். நல்லமுத்து தைப்பிங் ஊர் ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகிப் போனார். ஹாஜரா காவுகட்டையைச் சுமந்து துறைமுகத்தில் இறக்க, அலாவுதீன் அங்கே உட்கார்ந்து சோறு விற்று ஏழு வருஷம் இருந்தார். அத்தனை வருஷமும், அவருடைய வலது காலைக் கழுவும் முன், ஹாஜரா வெந்நீரில் தன் முழங்கையை முக்கி, தோல் சிவக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.