வந்த சேதி

...துக்கம் கேட்டுக் கை கொடுப்பதை வலப்பக்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டும், வலக்கையைத்தான் கொடுக்க வேண்டும், வரிசையில் ஒருவரையும் தாண்டிப் போகக் கூடாது, இதெல்லாம் அராபாவுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்தே தெரியும், தெரியாததெல்லாம் அந்தப் பதினெட்டாவது கையை எப்படிப் பிடிப்பது என்பதுதான். முற்றத்தில் கறுப்பும் சிவப்புமாகத் துணி போர்த்தி உட்கார்ந்திருந்த துக்கக்காரர்களில் பதினெட்டாவதாக ஃபீஃபி எசூமன் இருந்தார். தலைநகர் அக்ராவில் அவர் பெயரைச் சொன்னால் வங்கிக் கட்டடமே எழுந்து நிற்கும், இங்கே கடலோரச் சால்ட்பாண்டில், தாயின் வீட்டில், செருப்பில்லாத காலைப் பார்த்தபடி குனிந்திருந்தார். பன்னிரண்டு வருடமாக, செவ்வாய்க்கிழமை தோறும் காலை ஏழு மணிக்கு, ஒரு மணி நேரம் அவருக்கு எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்பதுதான் அராபாவின் தொழில். பெரிய பதவிக்காரர்களைக் கேள்வி கேட்டே யோசிக்க வைக்கிற கோச் என்பார்கள். அவர் மனைவிக்குக்கூட இது தெரியாது. பொது இடத்தில் வாடிக்கையாளர் முதலில் முகம் கொடுக்கும் வரை நாம் கண்டுகொள்ளக் கூடாது என்பது அவள் தனக்குப் போட்டுக்கொண்ட சட்டம், விமான நிலையத்தில் ஒருமுறை அவர் தோளை உரசிக்கொண்டே போயிருக்கிறாள், முன்பின் தெரியாதவள் மாதிரி, அன்று முழுக்க அதில் ஒரு பெருமை வேறு. இந்த வரிசைக்கு அந்தச் சட்டம் தெரியுமா? இதோ எட்டாவது கை, கிழவியின் கை, காய்ந்த மீன் வாசனை... ஒன்பது...

யார் கூப்பிட்டார்கள் உன்னை? ஒருவரும் கூப்பிடவில்லை. அவருடைய அம்மா மாமே எசி இறந்து இரண்டு மாதம் ஆகிறது, ஊர் வழக்கப்படி நாள் பார்த்து, ஆட்களைச் சேர்த்து இன்றுதான் அடக்கம், பத்திரிகையில் கால் பக்கத்துக்குப் படம் போட்டிருந்தார்கள், அந்தப் படத்தில் அம்மாவின் கண்கள் அப்படியே ஃபீஃபியின் கண்கள், அதைப் பார்த்த பிறகு வீட்டில் இருக்க முடியவில்லை. இந்த இரண்டு மாதத்தில் எட்டுச் செவ்வாய் வந்து போயிற்று, அவர் ஒன்றுக்கும் வரவில்லை, வர மாட்டேன் என்றும் சொல்லவில்லை. போய்விட்டாரா? பெரிய மனிதர்கள் இப்படித்தான் போவார்கள், கதவைச் சாத்தும் சத்தம்கூடக் கேட்காது. ஆரம்ப காலத்தில் ஓர் அமைச்சர் இருந்தார், நான்காவது சந்திப்பில் அவள் வெகுளியாகக் கேட்டுவைத்தாள், உங்க கூட இருக்கிறவங்க எல்லாம் ஏன் உங்களைப் பார்த்துப் பயப்படுறாங்க என்று. மனிதர் சிரித்தார், நல்ல கேள்வி என்றார், அதோடு சரி, அப்புறம் வரவே இல்லை. அன்றைக்குப் பட்ட சூடு, பிறகு யாருக்கும் எங்கே வலிக்கிறது என்று விரல் வைத்துப் பார்த்ததில்லை, அதன் ஓரமாகவே பக்குவமாகச் சுற்றி வந்தாள், எல்லாரும் நிலைத்தார்கள், எப்படி உங்களிடம் மட்டும் பத்து வருடம் பதினைந்து வருடம் என்று இருக்கிறார்கள் என்று மற்ற கோச்சுகள் வாய் பிளந்தார்கள். நம்பிக்கை, என்பாள் அராபா. நம்பிக்கையாவது மண்ணாவது.

பதினொன்று, பன்னிரண்டு... அந்தச் செவ்வாய் மட்டும் எதற்குத் திரும்பத் திரும்ப வருகிறது? வங்கியின் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு இரண்டு வாரம் இருந்தது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, வா வா என்கிறாள், கூட்டம் முடியட்டும், போய்விட்டு வருகிறேன் என்று போகிற போக்கில் சொன்னார். அதுவரைக்கும் அவங்க இருப்பாங்களா? கேள்வி நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை அப்படியே விழுங்கி, கூட்டத்துக்குப் போறப்ப உங்க மனசு எப்படி இருக்கணும்னு நினைக்கிறீங்க என்று வேறொன்றைக் கேட்டாள், அழகான கேள்வி, அவருக்கும் பிடித்தது. அப்போதுதான் மேசைமேல் போன் அதிர்ந்தது. அந்த ஒரு மணி நேரம் போன் கவிழ்ந்து கிடக்க வேண்டும் என்பதும் அவள் போட்ட சட்டம்தான், அன்று மறந்துபோய் நிமிர்த்தி வைத்திருந்தார். மாமே என்று, அம்மா என்று, திரையில் தெரிந்தது. அவர் அவளைப் பார்த்தார், அனுமதி கேட்கிற பிள்ளை மாதிரி. அவள் ஒன்றும் சொல்லவில்லை, தொழில் கற்றுக்கொடுத்த மௌனம். அவர் போனைக் கவிழ்த்தார். அவள் தலையசைத்தாள்... தலையசைக்காமலாவது இருந்திருக்கலாம். ஐந்தாம் நாள் அம்மா போய்விட்டாள்.

பதினாறாவது கை வேகமாக விலகியது, பதினேழாவதாக இருந்தவள் ஃபீஃபியின் தங்கை அபா, அதே கண்கள், ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பின்னால் நின்ற பெண்ணிடம் குரலைக் குறைக்கக்கூட மெனக்கெடாமல் சொன்னாள்: "அக்ராக்காரி. செவ்வாய்க்கிழமைக்காரி இவளாத்தான் இருக்கும். செவ்வாய்க்கிழமை காலையில அம்மா எத்தனை தடவை கூப்பிட்டாலும் அண்ணன் எடுக்காதுல்ல, ஏன்னு இப்பப் புரியுதா?" பின்னால் இருந்தவள், "சும்மா இருடி, சாவு வீட்டுல" என்றாள், ஆனால் அவளும் எட்டிப் பார்த்தாள். அராபாவுக்குக் காது சுட்டது. கள்ளக்காதலி என்று நினைக்கிறார்கள், நினைக்கட்டும், அதுவாக இருந்திருந்தால்கூடப் போனை எடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பாள். பதினெட்டாவது கை குளிர்ந்திருந்தது, அவர் நிமிரவே இல்லை, வந்து போகிற நூறு கைகளில் ஒன்றாக அவள் கையைத் தொட்டு விட்டுவிட்டார்.

எதிர்வரிசையில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள், குடித்து முடிக்கும் வரை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், எவ்வளவு மெதுவாகக் குடிக்கலாம் ஒரு குவளைத் தண்ணீரை? குவளை காலியானதும் குவாமினா, ஊரே வோஃபா, தாய்மாமன், என்று கூப்பிடுகிறவர், செத்தவளின் தம்பி, குடும்பத் தலைவர், கைத்தடியை ஊன்றி எழுந்தார். எதற்கு வந்திருக்கிறாள் என்று கல்லுக்கும் தெரியும், தெரிந்தாலும் கேட்க வேண்டும், வந்தவர் வாயால் சொல்ல வேண்டும், சொல்லாத வரை வந்ததாகக் கணக்கில்லை. "இங்க எங்க நிலைமை உனக்குத் தெரிஞ்சதுதாம்மா. நீ வந்த சேதியச் சொல்லு." முற்றம் முழுக்க அவள் வாயைப் பார்த்தது. பிழைப்பே கேள்விதான், இந்தப் பழைய கேள்விக்கு எப்படித் திணறுகிறாய் பார். ஒரு பிள்ளை தாயிடம் போகாமல் இருந்ததற்கு நானும் காரணம் என்றா சொல்வது? இல்லை, உங்கள் பிள்ளை என்னை விட்டுப் போய்விட்டாரா என்று தெரிந்துகொள்ள வந்தேன் என்றா? அதுவும் உண்மைதானே, சீ... "கெட்ட சேதி ஒண்ணும் இல்ல, வோஃபா. அம்மாவுக்கு மரியாதை செய்ய வந்தேன்" என்றாள், எல்லாரும் சொல்வதை. "நல்லது தாயி, உக்காரு" என்றார் கிழவர். அபா உதட்டைச் சுழித்தாள்.

பிறகு துக்கக்காரர்கள் எழுந்து, வந்தவர்களுக்குக் கை கொடுத்துக்கொண்டே வந்தார்கள், அதுவும் வலப்பக்கத்திலிருந்து. ஃபீஃபி அவள் முன்னால் வந்ததும் கையைப் பிடித்தபடி நின்றார். இந்தத் தடவை நிமிர்ந்து பார்த்தார். குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி, "கோச், ஒண்ணு கேக்கட்டுமா?" என்றார். பன்னிரண்டு வருடத்தில் அவர் அவளிடம் எதையும் கேட்டதில்லை. "அன்னைக்கு போன் அடிச்சப்ப, யாருன்னு நீங்க பாத்தீங்களா?"

இல்லை என்று சொன்னால் செவ்வாய்க்கிழமை வருவார். அது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது, அவரே கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் கேட்கிறார், ஒரு வார்த்தை போதும், இன்னும் பன்னிரண்டு வருடம் ஓடிவிடும்...

"பாத்தேன்" என்றாள்.

அவர் கையை விடவில்லை. பின்னால் அபாவும் மற்றவர்களும் நகர முடியாமல் நின்றார்கள், யாரோ இருமினார்கள், வாசலில் பேண்டுக்காரர்கள் வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள். அவருடைய பிடி இறுகியிருந்தது, அது கோபமா, கூட இருங்கள் என்கிறாரா, கேட்டுவிடலாம், ஒரே கேள்விதான்... அராபாவுக்கு ஒரு கேள்வியும் வரவில்லை, அவர் வலது கைக்குள் தன் கை வலிக்கிறது என்பது மட்டும் தெரிந்தது, அந்தக் கை விடாமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்றும் தோன்றியது.