மேசையில் வைத்த பணம்

வசந்தாமணிக்கு வேலை கிடைத்த செய்தியை அவளுடைய அப்பா கருப்பண்ணன், சூரமங்கலம் ரயில்வே குடியிருப்பில் ஒரு வீடு விடாமல் சொல்லிவிட்டு வந்தார். "எந்த ஆபீசுன்னு நெனச்சீங்க? அர்த்தநாரி ஐயா ஆபீசுங்க. பத்திரிகையில எழுதறாரே, அவரேதான்."

1983இல் அந்தப் பக்கத்தில் அர்த்தநாரியைத் தெரியாதவர்கள் குறைவு. பணத்தைப் பற்றி வாசகர்கள் கேட்கும் கேள்விகளுக்கு ஒரு வாரப் பத்திரிகையில் பதில் எழுதினார். திருச்செங்கோடு, ராசிபுரம், பரமத்தி வேலூர் என்று ஊர் ஊராகப் போய் மைதானத்தில் பேசினார். குடிக்காதே, காதுகுத்துக்குக் கடன் வாங்காதே, பத்து ரூபாய் வந்தால் இரண்டை எடுத்து வை என்பார். அதில் எதையும் தப்பென்று சொல்ல முடியாது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. கையில் ஒரு மோதிரம்கூட இல்லை. கூட்டம் முடிந்ததும் பெண்கள் அவர் முன்னால் நின்று அழுவார்கள். அவர் அவசரப்படாமல் கடைசி ஆள்வரை கேட்டுவிட்டுத்தான் காரில் ஏறுவார்.

அப்படி அவரிடம் யோசனை கேட்டவர்களையெல்லாம் அவர் அனுப்பி வைத்த இடம் அவருடைய சொந்த நிதி நிறுவனம். சூரமங்கலம் மார்க்கெட்டுக்கு எதிரே மாடியில் இருந்தது. நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டி. வசந்தாமணி அங்கே டைப்பிஸ்ட். சம்பளம் இருநூற்றைம்பது. வேலையில் சேர மூவாயிரம் ரூபாய் டெபாசிட் கட்ட வேண்டும் என்றார்கள். அம்மாவின் நான்கு வளையல்களையும் விற்றுக் கட்டினார் கருப்பண்ணன். "ரெண்டு வருசம் கழிச்சு வட்டியோட வருது. வேலைக்கு வேலை, சேமிப்புக்குச் சேமிப்பு" என்று அவருக்குச் சந்தோஷம்தான்.

அர்த்தநாரி வியாழக்கிழமைகளில் மட்டும் அலுவலகம் வருவார். மற்ற நாட்களில் மேனேஜர் பச்சமுத்துதான் எல்லாம். டைப் செய்ய ஒன்றும் இல்லாத நாட்களில் வசந்தாமணி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் அவர் விடமாட்டார்.

"அடிச்சுக்கிட்டே இரு புள்ள. மேல ஏறி வர்றவங்களுக்குப் படிக்கட்டுலயே சத்தம் கேக்கோணும். பெரிய ஆபீசுன்னு தெரியோணும்."

அவள் பழைய கடிதம் ஒன்றையே திரும்பத் திரும்ப அடித்தாள். அவளுக்குப் பின்னால் கண்ணாடி அலமாரியில் தடித்த பேரேடுகள் வரிசையாக நின்றன. ஒருநாள் தூசி தட்ட ஒன்றை எடுத்தவள் பிரித்துப் பார்த்தாள். முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை வெறும் தாள். அடுத்ததும் அப்படியே. கேட்டதற்கு, "வர்ற வருசத்துக்கு வாங்கி வெச்சது" என்றார் பச்சமுத்து. வசந்தாமணி மேற்கொண்டு கேட்கவில்லை. தெருவே பெருமைப்பட்ட வேலை அது.

அந்த ஐப்பசியில் பரமத்தி வேலூரிலிருந்து சென்னியம்மாள் வந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். கணவர் லாரி டிரைவர், விபத்தில் போய்விட்டார். நஷ்டஈடாக வந்த பதினெட்டாயிரம் ரூபாய், கல்யாண வயதில் ஒரு மகள், அந்தப் பணத்தின்மேல் கண்ணாக இருந்த கொழுந்தனார்கள். இதையெல்லாம் அவள் அர்த்தநாரிக்கு எழுதியிருந்தாள். பத்திரிகையில் வந்த பதிலைக் கத்தரித்து மடித்துப் பைக்குள் வைத்திருந்தாள். 'அன்புச் சகோதரிக்கு' என்று அது தொடங்கியது.

அன்று வியாழக்கிழமை இல்லை. பச்சமுத்து படிவத்தை நீட்டினார். சென்னியம்மாள் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு டைப் மெஷின் பக்கம் திரும்பினாள்.

"ஏஞ் சாமி, நீ பொம்பளப் புள்ள, எங்கிட்டப் பொய் சொல்லமாட்டே. உம்பட காசு இங்க போட்டிருக்கறயா?"

பச்சமுத்து இரண்டடி தள்ளி நின்றார்.

"போட்டிருக்கறனுங்க்கா. மூவாயிரம்" என்றாள் வசந்தாமணி.

சொன்னது உண்மை. கட்டாவிட்டால் வேலை கிடையாது என்றார்கள், அதனால் கட்டினேன் என்பதை அவள் சொல்லவில்லை. சென்னியம்மாளின் முகம் தெளிந்துவிட்டது. கையெழுத்துப் போட்டாள்.

ஏழு மாதம் வட்டி தவறாமல் வந்தது. மாதம் ஒருமுறை வட்டி வாங்க வரும்போது சென்னியம்மாள் ஒரு சீப்பு பூவன் பழமாவது கொண்டுவந்து வசந்தாமணியின் மேசையில் வைப்பாள். மகளுக்கு ஜேடர்பாளையத்தில் ஒரு இடம் பேசியிருப்பதாகவும் ஆவணியில் முடித்துவிடலாம் என்றும் சொன்னாள்.

சித்திரையில் அலுவலகத்தில் பாதிச் சம்பளம்தான் கொடுத்தார்கள். வைகாசியில் அதுவும் இல்லை. முதிர்ந்த டெபாசிட்டைக் கேட்டு வந்தவர்களை அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று பச்சமுத்து திருப்பி அனுப்பினார். அப்படித் தவணை சொல்லும் கடிதங்களை அடித்தது வசந்தாமணிதான். ஒருநாள் மத்தியானம் தபாலாபீசுக்குப் போய் அங்கேயே நின்று ஒரு கார்டு எழுதிப் போட்டாள். 'அக்கா, உடனே வந்து உங்கள் பணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். யாரிடமும் சொல்ல வேண்டாம். வசந்தாமணி.'

சென்னியம்மாள் வந்தது ஒரு வியாழக்கிழமை. நேராக அர்த்தநாரியின் அறைக்குப் போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் வசந்தாமணியைக் கூப்பிட்டார்கள். உள்ளே போனால் அந்தக் கார்டு அர்த்தநாரியின் கையில் இருந்தது. சென்னியம்மாளுக்கு எதையும் மறைத்துப் பழக்கமில்லை. எதற்காகப் பணம் என்று அவர் கேட்டதும் கார்டை எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

"நீ எழுதினதாம்மா?" என்றார் அர்த்தநாரி. குரலில் கோபமே இல்லை.

வசந்தாமணி தலையசைத்தாள்.

"நல்லது. பச்சமுத்து, இந்தம்மாவுக்குப் பதினெட்டாயிரம் எடுத்துட்டு வாங்க."

பணம் வந்தது. நூறு ரூபாய்க் கட்டு ஒன்றும், அதன்மேல் எண்பது தாள்களும். காலையில் ஓய்வுபெற்ற ஒரு வாத்தியார் இருபதாயிரம் கட்டிவிட்டுப் போயிருந்தார். அதை எண்ணியது வசந்தாமணி. மேல் தாளில் இருந்த ஊதா மைக்கறையைப் பார்த்ததுமே அது அந்தப் பணம்தான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அர்த்தநாரி பணத்தைச் சென்னியம்மாளின் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"சந்தேகத்தோட நீங்க ஒருநாள்கூட இருக்கக்கூடாதுங்க. அது எனக்குத்தான் பாவம். எடுத்துக்குங்க. ஒரே ஒரு கவலைதான் எனக்கு. இதைக் கொண்டுபோய் எங்க வெப்பீங்க? ஊட்டுல வெச்சா உங்க கொழுந்தனாருங்க உடுவாங்களா?"

சென்னியம்மாள் பணத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் கண் கலங்கிவிட்டது.

வசந்தாமணி வாய்விட்டே சொன்னாள். "எடுத்துக்குங்க்கா. இப்பவே எடுத்துக்கிட்டுக் கெளம்புங்க."

அர்த்தநாரி சிரித்தார். "பாருங்க, எம்பட ஆபீசுப் புள்ளையே சொல்லுது. இந்த மாதிரி தைரியமாச் சொல்ற புள்ளைய நான் வேலைக்கு வெச்சிருக்கறேன். எடுத்துக்குங்க."

சென்னியம்மாள் கையை இழுத்துக்கொண்டாள். "வேண்டாமுங்க. நாந்தான் புத்தி கெட்டுப்போய் ஓடியாந்துட்டேன். இங்கயே இருக்கட்டுமுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க சாமி."

"அக்கா..." என்றாள் வசந்தாமணி.

"இல்ல கண்ணு. கண்ணு முன்னாடி எடுத்து வெக்கறாங்க. இன்னும் என்ன வேணும்?" என்று கும்பிட்டுவிட்டு அவள் எழுந்தாள். படிக்கட்டு வரை பச்சமுத்து உடன் போனார். பணம் பெட்டிக்குத் திரும்பியது.

அன்று சாயங்காலமே வசந்தாமணியை நிறுத்திவிட்டார்கள். இரண்டு வருடத்துக்குள் போனால் டெபாசிட் திரும்பாது என்ற காகிதத்தில் அவள் கையெழுத்துப் போட்டிருந்ததைப் பச்சமுத்து எடுத்துக் காட்டினார். வீட்டில் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். வெற்றுப் பேரேடுகளைச் சொன்னாள், வாத்தியாரின் பணத்தைச் சொன்னாள்.

கருப்பண்ணன் சட்டையைக்கூடக் கழற்றாமல் கேட்டார். "இத்தன ஊரு சனம் நம்பற மனுசன். அவருக்கா ஏமாத்தத் தெரியும்? நெசத்தச் சொல்லு, நீ என்ன தப்புப் பண்ணினே?"

பரமத்தி வேலூருக்கு, சென்னியம்மாளுக்கு இரண்டு கடிதம் எழுதினாள். பதில் வரவில்லை.

ஆடி பதினெட்டு முடிந்த மறுவாரம் அலுவலகம் பூட்டிக் கிடந்தது. மார்க்கெட் வாசலில் ஆயிரம் பேர் நின்றார்கள். போலீஸ் ஸ்டேஷனில் புகார் எழுத மூன்று நாள் வரிசை. வசந்தாமணியும் மூவாயிரத்துக்கான ரசீதோடு போய் நின்றாள். எழுதிக்கொண்டிருந்த ஏட்டு ரசீதில் 'ஊழியர் டெபாசிட்' என்று இருந்ததைப் பார்த்துவிட்டு, "நீ அங்க வேலை பார்த்தவளா? அந்தப் பக்கம் போய் நில்லும்மா. உங்களுக்குத் தனி லிஸ்ட்" என்றார். அதன்பிறகு வாரம் ஒருமுறை விசாரணைக்குப் போய்வந்தாள். அர்த்தநாரி பெங்களூரில் இருப்பதாகச் சொன்னார்கள், பம்பாயில் இருப்பதாகச் சொன்னார்கள். பத்திரிகையில் அதே பக்கத்தில் வேறொருவர் பதில் எழுதத் தொடங்கியிருந்தார்.

அவள் ஸ்டேஷனுக்குப் போகும் நாட்களில் கருப்பண்ணன் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்து ஸ்டேஷன் வாசலில் நின்றார்.

புரட்டாசியில் வசந்தாமணி பஸ் பிடித்துப் பரமத்தி வேலூர் போனாள். சென்னியம்மாளின் வீடு வெற்றிலைக் கொடிக்காலை ஒட்டி இருந்தது. திட்டுவாள், அடிக்கக்கூட வருவாள் என்று நினைத்துக்கொண்டுதான் போனாள். சென்னியம்மாள், "வா கண்ணு, வெய்யல்ல வந்திருக்கறே" என்று மோர் கொடுத்தாள். ஜேடர்பாளையம் இடம் விட்டுப்போயிருந்தது. மகள் வெற்றிலை கிள்ளக் கூலிக்குப் போயிருந்தாள்.

"அன்னைக்கு நீங்க கேட்டீங்களே, காசு போட்டிருக்கறயான்னு" என்று தொடங்கினாள் வசந்தாமணி. "நானா போடலீங்க்கா. கட்டினாத்தான் வேலைன்னாங்க. அதச் சொல்லாம உட்டுட்டேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே சாமி" என்றாள் சென்னியம்மாள். அதில் கோபம் இல்லாததைத்தான் வசந்தாமணியால் தாங்க முடியவில்லை.

"அவரு மேல எனக்கு வருத்தமில்ல. என்ன கஷ்டமோ ஓடிப்போயிட்டாரு. எடுத்துக்கன்னு மேசைல வெச்சாரே, நாந்தான வேண்டாமுன்னேன்? அத நெனச்சாத்தான் தூக்கம் வரமாட்டேங்குது."

"அக்கா, அது அவரு பணமில்லீங்க. காலையில ஒரு வாத்தியார் கட்டின பணம். நாந்தான் எண்ணி வெச்சேன். உங்களுதும் அப்படித்தான் வேற யாருக்கோ போயிருக்கும்."

சென்னியம்மாளுக்கு அது புரியக் கொஞ்ச நேரம் ஆனது. சொம்பைக் கீழே வைத்தாள்.

"அப்ப நான் எடுத்திருந்தா அந்த வாத்தியாரு காசத்தான் எடுத்துட்டு வந்திருப்பனா?"

"ஆமாங்க."

"அவருக்கு எத்தன புள்ளைங்க?"

"தெரியலீங்க்கா."

வெளியே கொடிக்காலில் பெண்கள் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொள்ளும் குரல் கேட்டது. நாலரைக்கு நாமக்கல் பஸ் இருக்கிறது, அதை விட்டால் இருட்டிவிடும் என்று கடைசியில் சென்னியம்மாளே நினைவுபடுத்தி, பஸ் நிற்கும் முக்கு வரை உடன் வந்தாள். பஸ் வரும்வரை இருவரும் நின்றார்கள்.