முன்னால் போன சிவப்பு லைற்

இருபாலைச் சந்தி கழிந்ததிலிருந்து ஜெறோம் ஒரு ஓட்டோவின் பின்னால்தான் வானை ஓட்டிக்கொண்டு வருகிறான் என்பதை லவீனா நீர்வேலியில் வைத்துத்தான் கண்டுபிடித்தாள். மழை அப்படி. கார்த்திகையில் பெய்யாமல் விட்டதையும் சேர்த்து மார்கழி கொட்டித் தீர்த்துக்கொண்டிருந்தது. வைப்பர் வழித்த கண்ணாடி ஒரு கணம் தெளிந்து மறுகணமே கலங்கியது. அந்தக் கலங்கலுக்குள் உருப்படியாகத் தெரிந்தது ஓட்டோவின் ஒற்றைச் சிவப்பு லைற் மட்டும்தான். ஓட்டோ பள்ளத்தை விலத்தினால் வானும் விலத்தியது. ஓட்டோ மெதுவானால் வானும் மெதுவானது. நீர்வேலியில் ஓட்டோக்காரர் ஒரு பேக்கரி வாசலில் நிறுத்திப் பாண் வாங்கினார். ஜெறோமும் நிறுத்தினான்.

"என்னத்துக்கு நிப்பாட்டினனீங்கள்?" என்று லவீனா கேட்டாள்.

"எஞ்சின் கொஞ்சம் ஆறட்டும்."

இந்த மழையில் எஞ்சின் ஆறுவதற்கு என்ன இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. பாண் பொதியோடு ஓட்டோ புறப்பட்டது. எஞ்சினும் உடனே ஆறிவிட்டது.

பின் இருக்கைகளில் குருநகர்ப் பங்கின் பாடகர் குழாம், எட்டுப் பெண்கள், இரண்டாம் பாட்டின் மேல்ஸ்தாயியில் சண்டை பிடித்துக்கொண்டு வந்தார்கள். நெல்லியடிக்கு அங்கால் ஒரு சின்னத் தேவாலயத்தில் ஏழரைக்குக் கரோல். லவீனாவும் குழாமில் பாடுகிறவள்தான். அதனால்தான் அவளுடைய புருஷன் ஜெறோமின் வானுக்கு இந்த ஹயர் கிடைத்தது. அந்தத் தேவாலயத்துக்குக் கொடுப்பதற்காகக் குழாமின் ஷெரோன் இரண்டு கிழமை இருந்து ஒட்டிய நட்சத்திரக்கூடு மூன்று பேருடைய மடியில் குறுக்கே கிடந்தது. ஈர்க்கில் சட்டம், ஐந்து முனை, முழுக்க மஞ்சள் கண்ணாடிக் கடதாசி. யாரும் அசையக் கூடாது என்று ஷெரோனின் கட்டளை.

ஒரு வருடமாக ஜெறோமுக்கு எந்த லைற்றும் போதவில்லை. முதலில் பழைய பல்ப்பைக் குறை சொன்னான், மாற்றினான். பிறகு அதைவிடப் பெரியது. மூன்றாவதாகப் போன மாதம் பூட்டியது பால்வெள்ளை எல்ஈடி. எதிரே வருகிறவர்கள் எல்லோரும் லைற்றை அடித்து அடித்துத் திட்டிவிட்டுப் போனார்கள். வெயில் காலத்து இரவுக்கு அது சரி. மழையில் அந்த வெள்ளை வெளிச்சம் றோட்டுக்குப் போகாமல் துளிகளில் பட்டுத் திரும்பி முகத்துக்கே வந்தது, கண்ணுக்கு முன்னால் வெள்ளைச் சீலை கட்டிவிட்டது போல. லவீனாவுக்கு அது தெரியும். இரண்டு கிழமைக்கு முன் மானிப்பாயிலிருந்து பொழுதுபட்ட நேரத்தில் அவள்தான் வானைக் கொண்டு வந்தாள். மழை பிடித்ததும் ஹையை விட்டு டிம்முக்கு மாற்றினாள்; சீலை பாதி விலகியது. வீட்டுக்கு வந்து சொன்னபோது, "லைசன் எடுத்து ரெண்டு வருசமாகேல்லை, எனக்கு லைற் படிப்பிக்கிறாய்" என்று சிரித்தான்.

லைற்றில் மட்டும் பிழையில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். கரண்ட் போனால் அவன் சுவரைத் தடவிக்கொண்டுதான் அறைக்குப் போகிறான். பொழுதுபடுகிற மைம்மல் நேரத்தில் கிணற்றடிப் படியை இரண்டு தரம் தவறவிட்டான். கண் டொக்டரிடம் போவோம் என்று மூன்று முறை கேட்டாள், மூன்று முறையும் கதையை மாற்றினான். நான்காவது முறை அவள் கேட்கவில்லை. 'ஜெறோமுக்கு இரவிலை கண் தெரியாதாம்' என்ற ஒரு சொல் மீன் சந்தையில் விழுந்தால் போதும், அந்த வானில் பிறகு ஒருவரும் கால் வைக்க மாட்டார்கள். அந்தப் பயத்தில் அவளும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். இப்போது எட்டுப் பேரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு அந்த வாய் பொத்தலும் சேர்ந்தல்லவா ஓடுகிறது என்று நினைக்க அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது.

புத்தூர் கழிந்து ஆவரங்காலில் ஓட்டோ இடப்பக்கம் திரும்பியது. ஜெறோமும் திரும்பினான்.

"இஞ்சேருங்கோ, எங்கை போறியள்?"

அவன் பதில் சொல்வதற்குள் வான் ஒரு கேற்றைத் தாண்டி, செவ்வரத்தைச் செடி ஒன்றை உரசிக்கொண்டு, ஒரு வீட்டுப் போர்ட்டிக்கோவுக்குள் மூக்கை நுழைத்து நின்றது. ஓட்டோ அதற்கு முன்னால் நின்றது. பாட்டு பாதியில் அறுந்தது. கதவைத் திறந்த ஒரு பெண், பாணை வாங்க நீட்டிய கையோடு அப்படியே நின்றாள்.

ஓட்டோக்காரர் இறங்கி வந்தார். ஐம்பது வயதிருக்கும், நெற்றியில் விபூதி மழையில் பாதி கரைந்திருந்தது. "ஆர் நீங்கள்? இருபாலையிலையிருந்து எனக்குப் பின்னாலை வாறியள். பாண் வாங்க நிண்டன், நீங்களும் நிண்டியள். என்ரை மனுசி பாலேஸ்வரியின்ரை ஆக்கள் ஆரோ வருகினமாக்கும் எண்டு நினைச்சன்."

"எனக்கு ஒருதரையும் தெரியாது" என்றாள் பாலேஸ்வரி.

யாரோ ஒருத்தி பின்னால் சிரிக்கத் தொடங்கி, மற்றவர்கள் சிரிக்காததைக் கண்டு நிறுத்திக்கொண்டாள். குழாமை நடத்துகிற றொசாந்தி ரீச்சர் மெல்ல, "ஜெறோம், உமக்கு றோட்டுத் தெரியேல்லையோ?" என்று கேட்டார்.

"உந்த லைற் காணாது ரீச்சர். இன்னும் கொஞ்சம் பெரிசாப் போடவேணும்."

லவீனா கதவைத் திறந்து இறங்கி, வானைச் சுற்றி அவன் பக்கத்துக்குப் போனாள்.

"திறப்பைத் தாங்கோ."

"விசரோ உனக்கு? இனித்தான் வல்லை வெளி கிடக்கு."

"அதுதான் கேக்கிறன். லைற்றிலை இல்லைப் பிழை. உங்களுக்கு இரவிலை கண் தெரியிறேல்லை."

எட்டுப் பெண்களும் ஓட்டோக்காரரும் பாலேஸ்வரியும் கேட்கத்தான் சொன்னாள். சொல்லாமல் விழுங்கிய ஒரு வருடத்தைவிட இது எவ்வளவோ மேல். நாளைக்கு ஹயர் வராவிட்டால் வராமல் போகட்டும். ஜெறோம் ஸ்ரியறிங்கிலிருந்து கையை எடுத்தான். அவனுடைய காது மடல் சிவந்திருந்தது. பிறகு திறப்பை எடுக்காமல், அதைப் பூட்டிலேயே விட்டுவிட்டு, மறுபக்கமாக நகர்ந்து அவளுடைய இருக்கையில் இருந்தான்.

"திரும்பிப் போவமே?" என்றார் றொசாந்தி ரீச்சர்.

"திரும்பிற றோட்டிலையும் இதே மழைதான் ரீச்சர். பாடத்தானே வந்தனாங்கள், பாடிப்போட்டுப் போவம்" என்றாள் லவீனா.

ஓட்டோக்காரர், அவர் பெயர் தியாகராசா, தலையைத் துவட்டிக்கொண்டே, "அப்ப நான் வல்லைப் பாலம் மட்டும் முன்னுக்கு வாறன். என்ரை லைற்றைப் பாத்துக்கொண்டு வாங்கோ" என்றார்.

"ஓம் அண்ணை, அது பெரிய உதவி" என்று உள்ளே இருந்து ஜெறோமின் குரல் அவசரமாக வந்தது.

"வேண்டாம் அண்ணை" என்றாள் லவீனா. "இவ்வளவு நேரமும் உங்கடை லைற்றைப் பாத்துத்தான் உங்கடை போர்ட்டிக்கோவுக்கை வந்து நிக்கிறம். எனக்கு றோட்டைத்தான் பாக்கவேணும். ஒரு பழந்துணி மட்டும் தாங்கோ."

துணி வந்தது. லைற் இரண்டையும் ஈரம் போகத் துடைத்தாள். பிறகு வானின் பின்கதவைத் திறந்தாள்.

"ஷெரோன், கூட்டிலை ரெண்டு முனை எனக்கு வேணும்."

ஷெரோன் நட்சத்திரத்தை இறுக்கி அணைத்துக்கொண்டாள். "அக்கா, ரெண்டு கிழமை ஒட்டினனான்."

"தெரியும். மூண்டு முனை இருக்குத்தானே."

ரீச்சர் பக்கம் பார்த்தும் உதவி வராததால் ஷெரோன் தானே நகத்தால் கீறிக் கடதாசியை உரித்தாள், அழுகிற முகத்தோடு. லவீனா அதை இரண்டாய் மடித்து லைற்றின் மேல் வைத்தாள். ஷெரோனின் பையிலிருந்த செலோரேப்பாலேயே ஓரங்களை ஒட்டினாள். பழைய பல்ப்பென்றால் சூட்டில் கடதாசி சுருண்டிருக்கும். இந்த வெள்ளைப் பல்ப்பின் கண்ணாடியோ குளிர்ந்துதான் கிடந்தது. லைற்றைப் போட்டாள். போர்ட்டிக்கோச் சுவர் மஞ்சளானது.

வல்லை வெளியில் வீடில்லை, மரமில்லை, றோட்டு லைற்றில்லை. இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவே தார். காற்று வானைப் பக்கவாட்டில் தள்ளியது. லவீனா டிம்மில் போட்டு, இரண்டாம் கியரில் போனாள். வெளிச்சம் முன்னைப்போலத் தூரம் போகவில்லைத்தான். ஆனால் போன இடத்தில் றோட்டு இருந்தது. வெள்ளைச் சீலை கழன்று, இடக்கரையில் பூசிய வெள்ளைக் கோடு தெரிந்தது. அந்தக் கோடு அவளுக்குப் போதும்.

"ஹை போடு" என்றான் ஜெறோம். இல்லாத பிறேக்கை அவனுடைய வலக்கால் மிதித்துக்கொண்டிருந்தது.

"போடமாட்டன்."

எதிரே ஒரு டிப்பர் லொறி வந்தது. முன்னுக்கு நாலு, கூரையில் ஆறு என்று லைற் கொளுத்தி, வெளியையே பட்டப்பகலாக்கிக்கொண்டு வந்தது. அவள் ஒருமுறை லைற்றை அடித்துக் கேட்டாள். அது குறைக்கவில்லை. 'நான் வாறன், நீ ஒதுங்கு' என்று திருப்பி மூன்று தரம் அடித்தது.

"ஒதுங்கு, லவீனா."

"ஒதுங்க அங்காலை தண்ணி. உவன் ஒதுங்கட்டும்."

டிப்பரைப் பார்ப்பதை விட்டு வெள்ளைக் கோட்டை மட்டும் பார்த்தாள். ஹோனில் கையை அழுத்தி எடுக்காமல் வைத்திருந்தாள். பின்னால் யாரோ 'அருள்நிறை மரியே' சொல்லத் தொடங்கினார்கள். கடைசிக் கணத்தில் டிப்பர் தன் பக்கத்துக்குச் சரிந்து, வானின் கண்ணாடி முழுக்கச் சேற்றுத் தண்ணீரை அடித்துவிட்டுப் போனது. வைப்பர் இரண்டு தரம் வழித்தது. கோடு அங்கேயே இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து ஜெறோம் அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னான்: "எனக்கு ஒண்டும் தெரியேல்லை. இருபாலையிலையிருந்தே ஒண்டும் தெரியேல்லை." பிறகு, "உனக்கு என்ன தெரியுது, சொல்லு" என்றான்.

அவள் சொன்னாள். "கரைக்கோடு தெரியுது. இந்தா, பாலம். பாலத்துக் கம்பியிலை வெள்ளையும் கறுப்பும் அடிச்சிருக்கு. ஒரு மாடு நனைஞ்சுகொண்டு நிக்குது. விலத்துறன்." வெளி முடிந்து நெல்லியடிக் கடைகளின் வெளிச்சம் வருமட்டும் அவள் சொல்லிக்கொண்டே ஓட்டினாள், அவன் ஒவ்வொன்றுக்கும் "ம்" சொன்னான்.

தேவாலயத்துக்கு அவர்கள் போய்ச் சேர எட்டு மணி ஆகியிருந்தது. தகரப் பந்தலுக்குக் கீழே வேறு இரண்டு வான்களின் சாரதிகள் சிகரெட் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஜெறோம் முதலில் இறங்கினான். வானின் முன்பக்கத்தைக் கையால் பிடித்தபடி சுற்றி அவளிடம் வந்து, கையை நீட்டினான்.

"திறப்பைத் தா. பெடியள் பாக்கிறாங்கள்."

வல்லை வெளியில் 'ம்' சொன்ன குரல் அதற்குள் எங்கோ போய்விட்டிருந்தது. அவளுக்கு அவனில் கோபமும் வந்தது, பாவமும் வந்தது. திறப்பைக் கைப்பைக்குள் லைசனோடு போட்டுச் சிப்பை இழுத்தாள்.

"விடியட்டும். தாறன்."

பெண்கள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். இரண்டு முனை வெறும் ஈர்க்கிலாக நட்சத்திரம் முன்னால் போனது. லவீனா வாசற்படியில் செருப்பைக் கழற்றும்போது, லைற்றை அணைக்காமல் வந்தது ஞாபகம் வந்து திரும்பிப் பார்த்தாள். ஜெறோம் பந்தலுக்குப் போகவில்லை. மழைக்குள், எரிகிற லைற்றுக்கு முன்னால் குனிந்து நின்றான். ஈரத்தில் கழன்று துடித்துக்கொண்டிருந்த மஞ்சள் கடதாசியின் ஒரு மூலையை விரலால் தடவித் தடவித் தேடிப் பிடித்து, பெருவிரலால் அழுத்தி ஒட்டிக்கொண்டிருந்தான்.