ஜனாதிபதிக்கு வெட்டிய கல்

யாசிகோவோ நகராட்சியில் கல் வெட்டும் ராடோய்கோவுக்கு ஓய்வு பெற இன்னும் பதினோரு நாள் இருந்தது. அவருடைய முதுகு பதினோரு வருஷத்துக்கு முன்னாலேயே ஓய்வு பெற்றுவிட்டது. மீதி உடம்புதான் அதையும் சுமந்துகொண்டு வேலைக்கு வந்துகொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து நகரத் தலைவர் திஹோமிர் ஒரு பளிங்குப் பலகையோடு பட்டறைக்கு வந்தார். ஜனாதிபதி பூதிமிர் கோஸ்த்ரெஷ் பிறந்த வீடு அந்த ஊரில்தான். ஞாயிற்றுக்கிழமை அவரே வருகிறார். வீட்டுச் சுவரில் அவருடைய வாழ்க்கை கல்லில் இருக்க வேண்டுமாம்.

"ஒழுங்கா முடிச்சுக் குடு மேஸ்திரி. உன் ஓய்வுக் கடுதாசியில அங்கேயே கையெழுத்துப் போடுறேன். சொதப்பினே, குப்பை வண்டி வேலைதான். அதுல ஏறினவன் எவனும் இறங்கினதில்ல."

திங்கட்கிழமை 'இளம் கம்யூனிஸ்டுகளின் தலைவர்' என்று வெட்டினார். செவ்வாய்க்கிழமை தலைநகரத்திலிருந்து போன் வந்தது. அந்த வரி வேண்டாம். ராடோய்கோ முகத்தைத் துணியால் கட்டிக்கொண்டு கல்லைத் தேய்த்து மழித்தார். 'விவசாயிகள் கட்சியை நிறுவினார்' என்று வெட்டினார்.

புதன்கிழமை திஹோமிர் ஓடிவந்தார். "அழி, அழி! அது இப்ப எதிர்க்கட்சி."

"அவரு ஆரம்பிச்ச கட்சிதானே ஐயா?"

"ஆரம்பிச்சாரு. அப்புறம் அவரே தடை பண்ணினாரு. 'மக்கள் ஒற்றுமைக் கட்சித் தலைவர்'னு போடு."

வியாழக்கிழமை அதுவும் போயிற்று. அந்தக் கட்சியின் துணைத் தலைவர் சிறையில் இருப்பது யாருக்கோ ஞாபகம் வந்துவிட்டது.

உள்ளங்கை அகலத்துக்குப் பருமனாக இருந்த கல் இரண்டு விரல் கனத்துக்கு வந்திருந்தது.

"இன்னொரு தடவை தேய்ச்சா அந்தப் பக்கம் நிக்கிற ஆளு தெரிவான்" என்றார் ராடோய்கோ. "இவரு வாழ்க்கையில எதைத்தான்யா எழுதலாம்?"

திஹோமிர் தாடையைச் சொறிந்தார். "பேரு. ஜனாதிபதிங்கிறது. பொறந்த வருஷம். இதுல யாருக்கும் தகராறு வராது."

வெள்ளிக்கிழமை ராடோய்கோ அதை வெட்டினார். அந்தப் பக்கத்து ஜனங்கள் கல்லறைக் கல்லை உயிரோடிருக்கும்போதே செய்து நட்டுவிடுவார்கள். பேர், பிறந்த வருஷம், பக்கத்தில் ஒரு கோடு. கோட்டுக்கு அந்தாண்டை காலி இடம். மிச்சத்தைப் பிள்ளைகள் பிற்பாடு வெட்டிக்கொள்ள வேண்டும். நாற்பது வருஷமாக ராடோய்கோவின் கை அதைத்தான் செய்து வந்தது. அன்றைக்கும் அவரைக் கேட்காமலே செய்து முடித்தது. தூர நின்று பார்த்தபோதும் அவர் கண்ணுக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

ஞாயிறு மத்தியானம் வாத்தியக்காரர்கள் ஊத, முழு ஆடு கம்பியில் வெந்துகொண்டிருக்க, ஜனாதிபதி துணியை இழுத்தார்.

'பூதிமிர் கோஸ்த்ரெஷ். ஜனாதிபதி. 1953 –'

கருப்புத் துணி கட்டிய இரண்டு பெண்கள் தங்களையறியாமல் சிலுவை போட்டுக்கொண்டார்கள். தபால்காரர் சாவா, கையிலிருந்த பிளம் சாராயத்தில் முதல் சொட்டைச் செத்தவர்களுக்கு ஊற்றுவதுபோலத் தரையில் ஊற்றி, "ஆண்டவன் அவரை மன்னிக்கட்டும், நல்ல மனுசன்" என்றார். நல்ல மனுசன் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தார்.

வாத்தியம் நின்றது. திஹோமிர் சுண்ணாம்பாக வெளுத்துப்போனார்.

"யாரு வெட்டினது?" என்றார் ஜனாதிபதி.

கூட்டம் விலகி ராடோய்கோவுக்கு வழிவிட்டது. அவர் மூக்குக்குக் குப்பை வண்டி நாற்றம் அப்போதே வந்துவிட்டது.

"நான்தாங்க."

"இந்தக் கோடு எதுக்கு?"

"முடியிற வருஷம்... யாரும் எனக்குச் சொல்லலீங்க."

ஜனாதிபதி அந்தக் கோட்டையே பார்த்தார். இரண்டு தடவைக்கு மேல் பதவியில் இருக்கக் கூடாது என்பது அந்த நாட்டுச் சட்டம். அவருடைய இரண்டாவது தடவை இலையுதிர் காலத்தோடு முடிகிறது. அடுத்து என்ன என்று பத்திரிகைக்காரர்கள் தினமும் துளைத்துக்கொண்டிருந்தார்கள். மெல்ல அவர் மீசை விரிந்தது.

"கேட்டீங்களா!" என்று கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "முடியிற வருஷமே இல்லைங்குது உழைக்கிற கை! சட்டம் பெருசா, ஜனங்க பெருசா? மூணாவது தடவையும் நிக்கிறேன்!"

வாத்தியக்காரர்கள் முன்பைவிடப் பலமாக ஊதினார்கள். ஜனாதிபதி ராடோய்கோவைக் கட்டிக்கொண்டு கன்னத்தில் மூன்று முத்தம் கொடுத்தார்.

திஹோமிர் ஆனந்தக் கண்ணீரோடு கடுதாசியை எடுத்து நீட்டினார். "ஐயா, இவருக்கு ஓய்வு..."

"ஓய்வா? இந்தக் கையையா வீட்டுக்கு அனுப்பப் பாக்குறே? நாடு பூரா ஊருக்கு ஒரு கல்லு, இதே மாதிரி. நான் பதவியில இருக்கிற வரைக்கும் மேஸ்திரியும் வேலையில இருப்பாரு!"

கூட்டம் கை தட்டியது. கடுதாசி திஹோமிரின் பைக்குள் திரும்பிப் போயிற்று.

வீட்டில் மனைவி ஸ்தமேங்கா அவருடைய பூட்ஸைக் கழற்றிக்கொண்டே முழுக் கதையையும் கேட்டாள்.

"ஏன் மனுசா, அந்த ஆளு கிட்டத்துல பாக்க எப்படி இருக்கான்? இருமுறானா?"

"இல்ல."

"மூச்சு கீச்சு வாங்குதா?"

"படியெல்லாம் ரெண்டு ரெண்டாத் தாவி ஏறினாரு. ஆட்டுத் தொடை ஒண்ணரை தின்னாரு."

ஸ்தமேங்கா இரண்டாவது பூட்ஸைக் கழற்றாமல் அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள்.