முள் சாய்ந்த பக்கம்

மதகு அடைக்க இன்னும் சரியாகப் பத்தொன்பது மணி நேரம் இருந்தது. அப்போது செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று. மறுநாள் விடிகாலை ஆறு மணிக்கு ஏரித் தண்ணீர் கீழ்மடைக்காரர்களின் முறைக்குப் போய்விடும். அதற்குள் நாலு ஏக்கரையும் சேடை ஓட்டிச் சேறாக்கிவிட வேண்டும். ஓட்ட வேண்டிய டிராக்டரோ வரப்பை ஒட்டி, முழங்கால் தண்ணீரில், மூச்சுவிடாமல் நின்றது.

சீமையிலிருந்து வந்த பழைய வண்டி. பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்ட வேண்டும். ஏர் மாடுகளை எல்லாம் கொடுத்துவிட்டுத்தான் தாண்டவராயன் அதை ஒரகடத்துக்குக் கொண்டுவந்தார். ஆறு வருஷமாக ஓட்டுகிறவன் லாசர். வண்டி இருமினால் லாசருக்குச் சளி பிடிக்கும் என்பார்கள் ஊரில்.

காலையில் கிளம்பியது. நாற்பது நிமிஷம் ஓடி, விக்கி, நின்றது. லாசர் பிளக்குகளைக் கழற்றிக் கரி சுரண்டினான். பாயின்டை உப்புத்தாளால் தேய்த்தான். இரண்டாம் தடவை இருபது நிமிஷம் ஓடியது. மூன்றாம் தடவை பத்து.

பக்கத்து வயல்காரன் எல்லப்பன் வரப்பில் குந்தியிருந்தான். அவனுக்கு இரண்டு ஜோடி மாடு. வயல் முந்தாநாளே முடிந்திருந்தது.

"இன்னா லாசரு, கொஞ்சம் புண்ணாக்கு வெச்சிப் பாரேன். எங்க மாடு நின்னுகிச்சின்னா நாங்க அத்தான் வெப்போம்."

லாசர் இன்னொரு பிளக்கைத் துடைத்தான்.

அம்சவல்லி மோர்ச் செம்போடு புங்கமரத்தடியில் நின்றாள். தாண்டவராயனின் ஒரே மகள். பட்டணத்தில் பி.எஸ்சி. பௌதிகம் முடித்து ஏப்ரலில் வீடு வந்தவள். நாலு ஆண்கள் இருக்கும் இடத்தில் பேச வேண்டும் என்றால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். விடை தெரிந்தும் சொல்லாமல் பல வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறாள்.

லாசர் பிளக் வயரைக் கழற்றி எஞ்சின் இரும்புக்கு அருகில் பிடித்தான். தாண்டவராயன் ஸ்டார்ட்டரை அழுத்தினார். பொறி விழுந்தது. மஞ்சளாக, சோம்பலாக.

"நீலமா சொடுக்கணும் ஐயா. பொறி குடுக்குற காயில் வீக்கா கீது."

உள்ளதைத்தான் சொன்னான். அதுவே அவனுக்கு வினையாகப் போயிற்று. இரண்டு மாதத்துக்கு முன்பு ஸ்ரீபெரும்புதூர் போய்ப் புதுக் காயில் வாங்கி வந்து மாட்டியவன் அவனேதான். தாண்டவராயன் வேட்டியை மடித்துக் கட்டினார். குரலை உயர்த்தவில்லை. அவர் கத்தினால் பயமில்லை, கத்தாமல் பேசினால்தான் பயம்.

"புதுக் காயில் ரெண்டு மாசத்துல வீக்காவாது லாசரு. வண்டிக் கொட்டாய்ச் சாவி உன் இடுப்புலதான் கீது. புதுச எவன் வண்டிக்குக் குடுத்த?"

லாசரின் கை வயரிலேயே நின்றது. மாதா மேல் ஆணையிட்டான். தாண்டவராயன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சுங்குவார்சத்திரத்துக்கு ஆள் அனுப்பியாயிற்று, இரண்டு மணிக்கு வாடகை டிராக்டர் டிரைவரோடு வரும், அதற்குள் இது ஓடாவிட்டால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்றார். திருடன் என்ற பெயரோடு போகிறவனுக்கு அக்கம்பக்கத்தில் யார் வண்டி கொடுப்பார்கள்?

பேட்டரியில் உயிர் இருக்கிறதா என்று பார்க்க லாசர் விளக்கைப் போட்டான். முன்னால் போய் வெளிச்சத்தைப் பார்த்தான். அழுக்கு மஞ்சளாக எரிந்தது.

அம்சவல்லி பார்த்தது விளக்கை அல்ல. ஸ்டியரிங்குக்குக் கீழே, மின்சாரம் பேட்டரிக்குள் போகிறதா வெளியே வருகிறதா என்று காட்டும் அம்மீட்டரை. விளக்கு எரிந்தால் முள் மைனஸ் பக்கம் சாய வேண்டும். எஞ்சின் நின்றுகொண்டிருக்கிறது. முள்ளோ பிளஸ் பக்கம் கிடந்தது.

அப்படியென்றால் பேட்டரி தலைகீழாக மாட்டியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை. லாசர் பூசைக்குப் போயிருந்தான், அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். அலமாரியில் இருந்த மாற்றுச் சாவியால் கொட்டகையைத் திறந்தாள். பயிருக்குப் போடும் செம்பு உப்பான மயில்துத்தத்தைக் கண்ணாடிக் குவளையில் கரைத்தாள். வண்டிக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று பேட்டரியின் இரண்டு வயரையும் கழற்றிவிட்டுத் தன் கம்பிகளைக் கட்டினாள். குவளையில் தொங்கவிட்ட அவளுடைய துணிப்பெட்டியின் பித்தளைச் சாவி கண்ணெதிரே செம்பு நிறமாகியது. ஏப்ரலுக்குப் பிறகு அன்றுதான் அவள் தனக்குள் சிரித்தாள்.

திரும்ப மாட்டும்போது யோசிக்கவே இல்லை. கல்லூரி ஆய்வகத்தில் எர்த் என்றால் மைனஸ். வண்டியின் உடம்போடு சேர்ந்த பட்டை வயரை மைனஸில் வைத்தாள். இன்னொரு வயரின் கவ்வி பிளஸில் இறங்கவில்லை. ஸ்குரூடிரைவரால் நெம்பி இறக்கினாள். பட்டை வயரின் கவ்வி தளர்ந்தது. டீத்தூள் பொட்டலத்து ஈயத்தாளைச் சுற்றி இறுக்கினாள். இந்தச் சீமை வண்டிக்கு பிளஸ்தான் எர்த் என்பதை அந்தக் கவ்விகள் அவளிடம் சொல்லிப் பார்த்திருக்கின்றன. படித்தவள் கேட்கவில்லை. அதனால்தான் ஓட ஓட நிறைய வேண்டிய பேட்டரி வடிந்தது, பொறியும் தலைகீழாகி மெலிந்தது. ஸ்டார்ட்டர் வழக்கம்போலச் சுற்றியதால் லாசர் பேட்டரி மூடியைத் திறக்கவே இல்லை.

ஒரு மணிக்கு அப்பா சாலைப் பக்கம் போனார். லாசர் வாய்க்காலில் முகம் கழுவப் போனான். எல்லப்பன் சாப்பிடப் போய்விட்டான். ஸ்பேனர் சீட்டின் மேல் கிடந்தது. அம்சவல்லி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கி அதை எடுத்தாள். மூடியைத் திறந்தாள். இரண்டு போல்ட்டுகள், இரண்டே நிமிஷம். மாற்றிவிட்டால் பொறி திரும்பும். யாருக்கும் தெரியாது.

முதல் போல்ட்டில் கை வைத்தவள் நின்றுவிட்டாள். வண்டி இப்போது ஓடினால் அப்பா என்ன சொல்வார்? மிரட்டியதும் ஒளித்த காயிலை எடுத்து மாட்டிவிட்டான், பார்த்தாயா என்பார். ஓடாத வண்டியைவிட ஓடுகிற வண்டிதான் லாசரைத் திருடனாக்கும்.

ஸ்பேனரை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுக் கரையேறினாள்.

இரண்டு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது சாலையில் டீசல் வண்டியின் சத்தம் கேட்டது. அப்பா முன்னால் நடந்து வந்தார். சும்மா பார்க்க ஏழெட்டுப் பேர் கூட வந்தார்கள், எல்லப்பனும்.

"சாவி," என்றார் தாண்டவராயன், கையை நீட்டி.

லாசர் இடுப்புக் கயிற்றின் முடிச்சை அவிழ்த்தான். ஈரக் கயிறு. நேரமானது.

அம்சவல்லி வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. உள்ளங்கையில் செம்பு ஏறிய பெட்டிச் சாவியின் பல் அழுந்தியது. அப்பாவுக்கும் லாசருக்கும் நடுவில் போய் நின்றாள். அப்பா நகரச் சொன்னார். நகரவில்லை.

"லாசரண்ணன் எதையும் தொடலப்பா," என்றாள். அவள் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. கையை விரித்துச் சாவியைக் காட்டினாள்.

"ஞாயித்துக்கிழமை பேட்டரிய கழட்டி, மாத்தி மாட்டினது நான்தான்."