கப்பல் வரலாற்றில் ஒரு வரி

அது மரக்கப்பல். இரும்பு கிட்டே வந்தாலே வெடிக்கிற கண்ணிவெடிகளைக் கடலிலிருந்து வாரி அழிப்பது அதன் வேலை. என் வீட்டுக்காரர் அதில் வடம் இழுக்கிறவராக இருந்தார். வெடி வாரும்போது யாரும் கீழ்த்தளத்தில் இருக்கக்கூடாது. மேலே நிற்கிறவர்களும் முழங்காலை மடக்கியே நிற்க வேண்டும். அடியில் வெடித்தால் தளம் தூக்கி அடிக்கும், விறைத்த கால் நொறுங்கிவிடும். கல்யாணமான புதிதில் அடுப்படியில்கூட அப்படித்தான் நிற்பார். நாற்காலி இல்லாமல் உட்காருகிற ஆளுக்கு வாழ்க்கைப்பட்டேனே என்று கேலி செய்வேன்.

ஒருநாள் வெடி வாரும்போது கப்பலைப் பார்வையிட ஒரு பெரிய அதிகாரி ஏறினார். கூனிக் குறுகி நிற்கிறார்களே என்று முகம் சுளித்து, நிமிர்ந்து நிற்கச் சொல்லி அதட்டினார். மற்றவர்கள் தயங்கினார்கள். என் மனிதர் சொன்ன சொல் தட்டாதவர். விறைப்பாக நின்று சல்யூட் வைத்தார். அந்த நேரம் பார்த்து அடியில் வெடித்தது. இரண்டு கால்களும் நொறுங்கின. அன்றிலிருந்து கட்டிலே கதி.

இப்போது கப்பலை உடைக்கப் போகிறார்கள். விடைகொடுக்கும் விழாவில் அதன் சேவை வரலாற்றை வாசிப்பார்களாம், அழைப்பு வந்தது. டாக்டர் கையை விரித்திருந்த சமயம் அது. "என்னைப் பத்தி ஒரு வரி வரும். கேட்டுட்டு வந்து சொல்லு," என்றார். அவருக்கு மிச்சமிருந்த ஆசை அது ஒன்றுதான்.

போனேன். ஓர் இளம் அதிகாரி மைக்கில் வாசித்தார். போன துறைமுகங்கள், தாங்கிய புயல்கள், தளபதிகளின் பெயர்கள் எல்லாம் வந்தன. கப்பலில் வளர்ந்த பூனைக்குக்கூட ஒரு வரி இருந்தது. அந்த நாள் வந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். வெடி ஒன்று வெடித்தது, சேதம் இல்லை என்று வாசித்துவிட்டு அடுத்த வருஷத்துக்குப் போய்விட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விழா முடிந்ததும் மறித்துக் கேட்டேன். கப்பலுக்குச் சேதம் இல்லை என்றுதான் அர்த்தம் என்றார், பணிவாகத்தான். யாரோ எழுதியதைப் படிக்கிற பிள்ளையிடம் என்ன சண்டை போடுவது?

வீட்டில் அவர் தலையணையில் சாய்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வந்துச்சுங்க. உங்க பேரைச் சொன்னாங்க," என்றேன். அவரைப் பார்க்காமல் போர்வையை இழுத்துவிட்டேன்.

என் முகத்தையே பார்த்தார். கோபப்படவில்லை.

"சரி விடு. அவங்க படிக்காட்டி என்ன, நீ படி, நான் கேக்கறேன்."

கட்டிலோரம் உட்கார்ந்து, கப்பல் கடலில் இறங்கிய நாளிலிருந்து நினைவிருந்த மட்டும் சொன்னேன். அந்த நாள் வந்ததும் அவர் பேரைச் சொன்னேன், கால் போனதைச் சொன்னேன்.

"இன்னொரு தடவை சொல்லு," என்று கண்ணை மூடிக்கொண்டார்.

சொன்னேன். மறுபடியும் சொன்னேன். எதுவரை கேட்டார் என்று எனக்குத் தெரியாது.