ஓரத்து நாற்காலி

…சகஜமாம். காலையில் வேலூரில் அந்த டாக்டர் காலை மடக்கித் திருகிப் பார்த்துவிட்டு, “முட்டி இல்ல பாய், இடுப்பு மூட்டு தேஞ்சிருக்கு, இந்த வயசுல ஜாஸ்தி பேருக்கு வர்றதுதான், கீழ உக்கார்றத விட்டுடுங்க” என்றான், சகஜமென்றால் அவனுக்கு வரட்டுமே, அப்படியானால் ஆறு மாதமாக முட்டியில் தேய்த்த தைலமெல்லாம்… அல்லாஹு அக்பர். இமாம் தொடங்கிவிட்டார், அப்துல் ஹமீத் கையைக் கட்டினார், நடுப்பகல் லுஹர் தொழுகை, ஓதுவது வெளியே கேட்காது, மனம் அடங்குமா, வரிசையின் ஓரமெல்லாம் நாற்காலி, ஆம்பூரில் பாதிப் பேருக்கு இடுப்பு போய்விட்டதா என்ன, பள்ளிவாசல் கமிட்டியில் இன்னும் நாற்காலி கேட்டபோது “தொழ வந்தீங்களா, கல்யாண மண்டபத்துக்கு வந்தீங்களா” என்று வாயை அடைத்தவர் இவர்தானே, இப்போது இவரே போய் உட்கார்ந்தால் ஊர் சிரிக்காதா, அதுவும் வஹாபுக்குப் பக்கத்தில், இவர் தங்கையைக் கட்டிக்கொண்டு, தோல் பதனிடும் டேனரியையும் பிரித்துக்கொண்டு போன வஹாப், பேச்சு நின்று எத்தனை ரமலான் போயிற்று, அவனுக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு நாற்காலி காலியாகவே கிடக்கும், இவர் தூக்கி மூலையில் வைப்பார், மறுநாள் அதே இடத்தில் இருக்கும், கொழுப்பு, அவனுக்கு உட்கார ஒன்று, கை வைக்க ஒன்று…

நெற்றியைத் தரையில் வைத்த ஸஜ்தாவிலிருந்து எல்லோரும் எழுந்துவிட்டார்கள். தொடையிடுக்கில் யாரோ ஆணியை இறக்குகிறார்கள், கையை ஊன்றி, பல்லைக் கடித்து, கடைசி ஆளாக எழுந்தார், வஹாப் பார்த்திருப்பான், பார்க்கட்டும், அடுத்த முறையும் தரையில்தான், செத்தாலும் தரையில்தான்… ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்ததும் அந்தக் காலி நாற்காலிக்கு அந்தப் பக்கமிருந்து வஹாப் குனிந்தான். “மச்சான், இந்தச் சேரை இனிமே எடுக்காதீங்க. உங்களுக்குத்தான் போட்டு வைக்கிறேன்.”

“எனக்கு இன்னா கேடு?”

“போன பக்ரீத்லேர்ந்தே சாஞ்சுதானே நடக்கிறீங்க.”

பக்ரீதா? முட்டி வலியே அதற்குப் பிறகுதானே வந்தது, இவருக்கே தெரியாதபோது இவனுக்கு எப்படி, வேண்டாதவனின் நடையை எவன் இப்படிப் பார்த்துக்கொண்டிருப்பான், யார் கேட்டது இவனை… உபரியான சுன்னத் தொழுகைக்கு எல்லோரும் எழுந்தார்கள். அந்த நாற்காலியைத் தூக்கி மூலையில் போடத்தான் அதன் முதுகைப் பிடித்து எழுந்தார். எழுந்த பிறகு கையை எடுக்க முடியவில்லை.